முனிராஜின் துண்டும் ஓரடித் தண்டமும்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தரகரின் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். உத்தனப்பள்ளியிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "உங்க கூட்டாளி முனிராஜ் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். கையை உருவிக்கொண்டேன். அன்று மாடு வாங்கவில்லை.

நம் மைதானத்தில் கோல்ஃப் ஆடியவர்களுக்கு முனிராஜைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராயக்கோட்டைச் சாலையில் ஒரு துரை விட்டுப்போன கரட்டு நிலம் அது. முள்ளும் கல்லுமாகக் கிடந்ததை டிராக்டர் ஓட்டிச் சமன்படுத்தியவர் முனிராஜ். கூலி வேண்டாம், என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சிலர் முகம் சுளித்தார்கள். டிராக்டர் அவர் கையில் இருந்ததால் சுளித்த முகம் தானாகவே நேரானது. மரக்கடைக்காரனான எனக்கு ஜோடி கிடைக்காமல் இருந்தது. அவர் என் ஜோடியானார்.

எங்கள் ஊரில் குழியைச் சுற்றிப் புல் வளர்க்கத் தண்ணீர் ஏது? எண்ணெய் கலந்த மணலை வட்டமாகப் பரப்பி வைத்திருந்தோம். அந்த வட்டத்துக்குள் பந்தைக் குழிக்கு உருட்டும்போது குனிய வேண்டும். வேட்டியும் துண்டுமாக ஆடுகிறவர்கள் குனிந்தால் துண்டு சரிந்து பந்தில் படும். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவருக்குத்தான் ஜெயம்; துண்டு தெரியாமல் பட்டாலும் பந்து நகர்ந்தால், அடிக்காத ஓரடி கணக்கில் கூடும், அதுதான் தண்டம். அதனால் எல்லோரும் வட்டத்துக்கு வெளியே துண்டைக் கழற்றி வைத்துவிடுவோம், அல்லது இடுப்பில் கட்டிக்கொள்வோம். முனிராஜ் மட்டும் செய்ய மாட்டார். எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "பட்டா தண்டம் போட்டுக்கலாங்கண்ணா" என்பார். அடம் என்றால் அப்படியொரு அடம்.

ஒரு வருடம் கோப்பைக்கான ஆட்டத்தில் நானும் அவரும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் உத்தனப்பள்ளி மிராசுதார் வேங்கடப்பாவும் அவர் மைத்துனரும். ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். கடைசிக் குழிக்கு வந்தபோது, எங்கள் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அடுத்த அடி முனிராஜுடையது. அந்த ஒரே அடியில் போட்டால் கோப்பை எங்களுக்கு. சமமானால் முந்தின வருடம் ஜெயித்தவரிடமே இருக்கும், அது வேங்கடப்பா. என் கடையில் கோப்பை வைக்க மாடத்தைத் துடைத்தே வைத்திருந்தேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முனிராஜ் குனிந்தார். துண்டு சரிந்தது. பந்து இரண்டு விரற்கடை உருண்டது. எதிர்ப்பக்கத்தார் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, "என் துண்டு பட்டு பந்து நகந்துடுச்சு. ஓரடி சேத்துக்குங்க" என்றார்.

வேங்கடப்பா நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே வந்தார். "பரவாலேது முனிராஜு. தெரியாமப் பட்டதுக்கு என்னத்துக்குத் தண்டம்? சும்மா ஆடு. ஆனா இனிமே துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் குனி. உங்கப்பன் எங்க வாசல்ல கட்டிக்கிட்டு நிக்கலையா?"

முனிராஜ் துண்டை எடுத்து நன்றாகத் தோளில் போட்டுக்கொண்டார். "தண்டத்தையே போடுங்க" என்றார். மறுபடி குனிந்து பந்தைக் குழியில் தள்ளினார். ஆட்டம் சமம். கோப்பை வேங்கடப்பாவின் காரில் போயிற்று.

டிராக்டரில் திரும்பும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஏன்யா, ஒரு துண்டைக் கழட்டி வெச்சா குடியா முழுகிப்போயிடும்? நான் கழட்டலையா?" அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நீங்க கழட்டினா அது துண்டுங்கண்ணா. எங்கப்பா அதை இடுப்புல கட்டிக்கிட்டு, இதே மாதிரி முதுகை வளைச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன். வாங்க வேண்டிய கூலியைக்கூட நிமிந்து கேக்க மாட்டாரு. பந்துக்குக் குனியறேன், அது ஆட்டம். துண்டையும் இறக்கிட்டுக் குனியச் சொல்லாதீங்க. என்னால ஆகாது."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோப்பை போன கோபம் மட்டும் போகவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இல்லையென்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அது தெரியும். "மாடம் காலியாவா இருக்கு?" என்று கடைக்கு வரும்போதெல்லாம் சீண்டுவார். "நீ இருக்கிற வரைக்கும் காலிதான்யா" என்பேன். அப்படிச் சொன்ன வாய் இது.

சந்தையிலிருந்து நேராக அவர் தெருவுக்குப் போனேன். குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். யாரோ துண்டை மடித்து மார்பில் வைத்திருந்தார்கள். அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "தோள்ல போடுங்க" என்றார். போட்டார்கள்.

சற்று நேரத்தில் வேங்கடப்பா வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கார் நுழையாததால் நடந்தே வந்தார். மாலையோடு கொஞ்ச நேரம் முனிராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து மாலையைப் போட்டார்.

கோப்பை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. இருக்கட்டும். முனிராஜ் கேட்டு வாங்கிய அந்த ஓரடியை நான் வைத்துக்கொள்கிறேன்.