தம்மாமிலிருந்து நிறுத்திய டிவி

அருப்புக்கோட்டையில் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் நின்று கட்டிய வீட்டை ஊரே சகாபுதீன் வீடு என்றுதான் சொல்கிறது. அவள் புருஷன் சகாபுதீன் சவுதியில், தம்மாமில் சம்பாதித்து அனுப்பினார், அதை யார் இல்லையென்றது? ஆனால் கொத்தனாரோடு மல்லுக்கு நின்றதும், தண்ணி லாரிக்காரனிடம் கெஞ்சியதும், வெயிலில் காய்ந்ததும் இவள்தானே. அவர் வந்தது குடிபோன அன்றைக்குத்தான்.

போன லீவில் வந்தவர் வீட்டையே தன் போனுக்குள் அடக்கிக்கொண்டு போனார். விளக்கு, மோட்டார், வாசல் கேமரா எல்லாம். டிவிக்குக் கீழே மர அலமாரிக்குள், டிஷ் பெட்டிக்குப் பக்கத்தில், சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவியையும் வைத்தார். டிஷ் பெட்டிக்கு ரிமோட் செய்கிற வேலையை அது செய்யும். உத்தரவு மட்டும் தம்மாமிலிருந்து வரும்.

உத்தரவு சீக்கிரமே வந்தது. ஒரு நாள் ராத்திரி இஷா தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டு ராக்கம்மாளோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் படம் நின்றது. கரண்டு போய்விட்டதோ என்று ராக்கம்மாள் மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உடனே போன் அடித்தது. ராக்கம்மாள் வந்ததைக் கேமராவில் பார்த்தாராம். பார்த்தது போதும், பிள்ளைகளைக் கவனி என்றார். ராக்கம்மாள் காதில் அது விழாமலா இருக்கும்? எழுந்து போனவள் அப்புறம் டிவி பார்க்க வரவே இல்லை. அடுத்த வீட்டுக்காரி முன்னால் இப்படி அசிங்கப்படுத்த இவள் என்ன களவாண்டாளா?

ஐப்பசி இடியில் அந்த டிஷ் பெட்டி புகைந்துபோனது. கறுப்புக் கருவிக்குக் கட்டுப்படுகிற பெட்டியாகக் கேட்டு வாங்கு என்று அவர் வாய்ஸ் அனுப்பினார். டிஷ் பெட்டி விற்கிற மதன்குமார் கடைக்குப் போனால், அவன் ஒரு பெட்டியைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

"அண்ணன் போன் பண்ணிட்டாகக்கா. இதத்தேன் குடுக்கச் சொன்னாக."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பெட்டி வாங்கக்கூட நம்பிக்கையில்லாத பொம்பளையிடம்தானா முழு வீட்டையும் கட்டச் சொன்னார்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறென்ன இருக்கிறது என்று கேட்டாள். மதன்குமார் தயங்கித்தான் இன்னொன்றை எடுத்தான். அதன் ரிமோட் புளூடூத்தாம். அலமாரியைச் சாத்தியிருந்தாலும் வேலை செய்யும். ஆனால் கறுப்புக் கருவியின் பேச்சு அதனிடம் செல்லாது. வைஃபையில் சேர்க்காமல் விட்டால் கையிலிருக்கிற ரிமோட் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

"இது அண்ணனுக்கு ஒத்து வராதுக்கா."

"எனக்கு ஒத்து வரும். இதக் குடு."

அன்றைக்கு ராக்கம்மாள் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி சீரியலில் போன் அடித்தது. எத்தனை தடவை அமுக்கினாரோ, போனிலும் சீரியல் சத்தம் கேட்டதும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. தப்பான பெட்டியை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டான் என்று மதன்குமாரை ஏசினார்.

"அவன் ஏமாத்தல மச்சான். நாந்தேன் பாத்து வாங்குனேன். நிறுத்தணும்னா என்கிட்டக் கேளுங்க."

அவர் குரலை இறக்கி, "கொஞ்சம் நிறுத்துறியா?" என்றார்.

"சீரியல் முடியவும் நிறுத்துறேன்" என்று சொல்லிவிட்டு, ராக்கம்மாள் நன்றாகச் சாய்ந்து உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.