அணைக்காத ரேடியோ

எங்கள் ஆற்றில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. கரையோரம் ஐந்து காட்டு விடுதிகள். எல்லாவற்றுக்கும் ஒரே ரேடியோ அலைவரிசை. தினமும் சாயங்காலம் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து நீர்மட்டம், பெட்ரோல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் ஊரிலிருக்கும் அலுவலகத்துக்குச் சொல்வோம். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

சில்வெரியோவை நான் முகம் பார்த்தது நாலைந்து முறைதான். குரலைப் பதினாறு வருஷமாகத் தெரியும். நான் காவல் இருக்கும் விடுதிக்கு மேலே, படகில் ஐந்து மணி நேரம் போனால் வரும் விடுதிக்கு அவன் காவலாளி. மழைக்காலத்தில் விருந்தாளிகள் வரமாட்டார்கள், வழிகாட்டிகளும் ஊருக்கு இறங்கிவிடுவார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை பன்னிரண்டு அறைகளும் அவனும்தான். ஆள் படுக்காத மெத்தையில் பூஞ்சை பிடிக்கும் என்று தினம் ஓர் அறையில் படுப்பான். மெத்தைக்காகத்தான் என்று அவன் சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. வெள்ளைக்காரர்கள் மூன்று நாள் தங்கிவிட்டு, ‘என்ன ஒரு அமைதி’ என்று நோட்டில் எழுதிவைத்துப் போகிறார்கள். பிப்ரவரியில் வந்து இருந்து பார்க்கட்டும்.

அவன் மனைவி லஸ்தேனியா மகளோடு கீழே ஊரில், புவெர்த்தோ மால்தொனாதோவில், இருந்தாள். சனிக்கிழமைதோறும் அலுவலகத்துக்கு வந்து அவனோடு பேசுவாள். அவள் வீட்டுக் கூரை ஒழுகுவதும், மகளுக்குப் பல் விழுந்ததும் எங்களுக்கும் அத்துப்படி. நடுவில் மேல்முனை விடுதி எர்மோகெனெஸ் மூக்கை நுழைப்பான்.

“லஸ்தேனியா, உன் புருஷன் நேத்து ஏழாம் நம்பர் ரூம்ல படுத்தானாம். யாரு கூடன்னு கேளு.”

“வௌவால் கூடத்தான் படுத்திருப்பான். நீ உன் வேலையப் பாருய்யா.”

அந்தச் சனிக்கிழமை அவள் குரலில் சிரிப்பு இல்லை.

“சில்வெரியோ, எங்கக்கா மலை மேல குஸ்கோவுக்குக் கூப்பிடுது. அங்க கடையில வேல இருக்காம். நீ இறங்கி வந்தா நான் போகல. வரலைன்னா புள்ளையக் கூட்டிக்கிட்டு திங்கக்கிழம பஸ் ஏறிடுவேன். ஓவர்.”

சில்வெரியோவுக்கு முன்னால் எர்மோகெனெஸ்தான் பேசினான், கிண்டலே இல்லாமல்.

“மச்சான், நான் ரேடியோவ அணைக்கிறேன். ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க. மத்தவங்களும் அணைங்கப்பா.”

ஒவ்வொருவராக “அணைக்கிறேன்” என்றார்கள். நானும் சொன்னேன். ஆனால் அணைக்கவில்லை. வெட்கக்கேடுதான். என்ன செய்ய, இந்த மழையில் நானும் தனியாகத்தான் கிடந்தேன். அந்தப் பெட்டியை விட்டால் எனக்கு மனிதக் குரல் ஏது?

“எல்லாரும் போயிட்டாங்களா?” என்றாள் லஸ்தேனியா.

“போயிட்டாங்க.”

“இப்ப சொல்லு.”

“தண்ணி அஞ்சாம் படிக்கு வந்திருச்சு.”

“நான் தண்ணியப் பத்திக் கேக்கல.”

“தெரியுது. இப்ப விட்டுட்டு வந்தா, ஒரு கதவு மிஞ்சாது இங்க. கழட்டிக்கிட்டுப் போயிருவானுங்க. ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்க.”

“போன வருஷமும் ஏப்ரல்னுதான் சொன்ன. சரி, வர வேணாம். ‘போகாத’ன்னு ஒரு வார்த்த சொல்லு. டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுர்றேன்.”

சொல்லித் தொலையேன்டா என்று பல்லைக் கடித்தேன்.

“புள்ளைக்கு கம்பளி எடுத்துக்க,” என்றான். “அங்க குளிரும்.”

அவள் ‘ஓவர்’ கூடச் சொல்லவில்லை. ‘டக்’கென்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மறுபடி வந்தது.

“எர்மோகெனெஸ், இருக்கியா?”

மற்ற இரண்டு விடுதிகளையும் கூப்பிட்டான்.

“தெல்மிராக்கா. நீங்களாவது இருக்கீங்களா?”

என்னைத்தான் கூப்பிட்டான். மைக் என் கையில்தான் இருந்தது. பதில் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு முறை கூப்பிட்டான். நான் மூச்சு விடவில்லை. யாருமே இல்லை என்று உறுதியானதும், மெதுவாக, “போகாத, லஸ்தேனியா” என்றான். இரண்டு தரம் சொன்னான். பிறகு அணைத்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் எப்போதும்போல வந்தோம். சில்வெரியோ நீர்மட்டத்தைச் சொன்னான். என் முறை வந்தது.

“தெல்மிரா, விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்டார்கள் ஊரிலிருந்து.

“ஒண்ணுமில்ல,” என்றேன். திங்கட்கிழமை காலை லஸ்தேனியாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது.