ஒட்டுப்போட்ட கால்

மீஞ்சூரிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் என் வலது தொடையெலும்பு இரண்டாக முறிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, எலும்புக்குள் நீளக் கம்பி செருகினார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை. எங்கேயோ டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம். என் வீட்டுக்காரர் கரையில் போட் வேலை பார்க்கிறார், சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடி வாங்கியது என் எலும்புதான் என்று மறுநாள் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்றிலிருந்தே முட்டியை மடக்கிப் பழக வேண்டும், வலித்தாலும் விடக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்ததும் தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். உடைந்த ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர் அவர்.

"ஒட்டு காயற வரைக்கும் ஆட்டக் கூடாது. ஆட்டினா வுட்டுக்கும். டாக்டருக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாரு."

தலையணைகளை அண்டக்கொடுத்துக் காலை நீட்டியே வைத்தார். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒரு பக்கம் கடல் சத்தம், மறுபக்கம் ஏரிக் காற்று. கண்ணை மூடினால் கட்டில் மெல்ல மிதந்து போகும். பகல் எது, கனவு எது என்று தெரியாமல் ஆறு வாரம் போய்விட்டது.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றார். முட்டியை மடக்கச் சொன்னார். அது மடங்கவில்லை. இப்படியே விட்டால் இனிமேல் குந்தி உட்காரவே முடியாது என்றார். ஏரித் தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் என் பிழைப்பு. வரும் வழியெல்லாம் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து மடக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. நடக்கலாமென்றால் வாக்கர் மணலில் புதைந்தது. தண்ணீருக்குள் செய்தால் வலி குறையும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னதும், தினமும் காலையில் அவரே என்னை ஏரிக்குக் கூட்டிப்போனார். இடுப்பளவுத் தண்ணீரில் எனக்குப் பின்னால் நின்று, அக்குளில் கை கொடுத்து மெதுவாக இறக்குவார். காலின் கனம் எங்கேயோ போய்விடும். பனிமூட்டத்தில் கரை தெரியாது. உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று தோன்றும். சில நாள் ஒரு விரற்கடை கூடுதலாக மடங்கும், சில நாள் அதுவும் இல்லை.

மாசக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் தண்ணீர் மோவாயைத் தொட்டது. என் கை சேற்றில் பட்டது.

"இன்னாமே, வலிக்குதா?"

"வலிக்குது. கைய வுடு."

விட்டார். நான் குந்தியபடியே இருந்தேன். விரல்களுக்கு நடுவே என்னவோ துள்ளியது. பின்னால் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுவறதுன்னா கரைக்குப் போய் அழு," என்றேன். "எறா ஓடிடும்."