எச்சில் ஸ்பூன்

என் மகளுக்கு எப்படிச் சோறு ஊட்ட வேண்டும் என்பது திருச்சியில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. மற்ற அனைவருக்கும் தெரியும். புத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் ஏறினால் எங்கள் மாடி வருவதற்குள் ஒரு யோசனை வந்துவிடும். காந்தி மார்க்கெட்டில் நேந்திரம் பழம் கேட்டால், கடைக்காரர் பழத்தை எடை போடுவதற்கு முன் குழந்தையை எடை போடுவார். ஓர் ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி அவளை நன்றாகப் பார்த்துவிட்டு, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார். அவரிடமும் நான் தலையாட்டினேன். கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே தலையாட்டுவது எனக்கு வேலையிடத்தில் கிடைத்த பயிற்சி.

அவளுக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிற சமயம். தசைகளில் பிடிப்புக் குறைவு. முட்டுக்கொடுத்தால் உட்காருவாள், விட்டால் துணிமூட்டை போலச் சரிவாள். டாக்டர்கள் இதற்கு வளர்ச்சித் தாமதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜங்ஷனில் ரயில் தாமதமானால்கூட வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எங்களிடம் யாரும் வருந்தவில்லை. "பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்குக் காது மடல் சுடும்.

"பாவம்" சொல்லாதவர்கள் அமெரிக்கா சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் தாமதமாக வளர்ந்த எந்தக் குழந்தையைப் பற்றி விசாரித்தாலும் அது இப்போது அமெரிக்காவில் இருக்கிறது. மேலச் சித்திரை வீதியில் ஐந்து வயது வரை பேசாத பையன் கலிபோர்னியாவில். நாலு வயது வரை நடக்காத பெண் டெக்சாஸில், சொந்த வீட்டில், நீச்சல் குளத்தோடு. ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு அவளை டெக்சாஸுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒரு வாய் கூழ் அவள் தொண்டைக்குள் சரியான பாதையில் போனால் போதும்.

அதுதான் சிக்கல். ஒரு முறை அது தவறான பாதையில் போய்விட்டது. இருமலாக ஆரம்பித்து, மூச்சிரைப்பாகி, புத்தூரிலேயே ஒரு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்துக் கிடந்தாள். சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். இன்னொரு முறை இப்படி ஆனால் வாய்வழிச் சாப்பாட்டை நிறுத்திவிடுவோம்; முதலில் மூக்கு வழியாகக் குழாய், பிறகு தேவைப்பட்டால் வயிற்றிலேயே ஓட்டை போட்டு ஒரு குழாய். இதை அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இன்னொரு முறை என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

தில்லை நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஊட்டும் பயிற்சி தருகிற பெண்மணி ஒருவர் இருந்தார். நான் அவரிடம் போவதற்கு முன் விழுங்குதல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஒரு கவளம் சோற்றை விழுங்க எத்தனை தசைகள் ஒத்துழைக்க வேண்டும் என்று படித்த அன்று எனக்கே விக்கிக்கொண்டது. படிப்பால் கண்ட பலன் அது ஒன்றுதான்.

அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"சார், நீங்க வீட்ல எப்படித் தண்ணி குடிப்பீங்க? கொஞ்சம் குடிச்சுக் காட்டுங்க."

மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்தேன். தலையை அண்ணாந்து, உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாட்டிலைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டேன். என்னிடம் இருக்கும் ஒரே உடற்பயிற்சித் திறமை இது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு நடை வருவதற்கு முன் இது வரும். பாத்திரத்தில் உதடு பட்டால் எச்சில். எச்சில் பட்ட பாத்திரம் அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது. போனால் என் அக்கா அடுப்பங்கரையையே கழுவிவிடுவாள்.

"குழந்தைக்கும் இப்படித்தானா?"

இப்படித்தான். மடியில் மல்லாத்தி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஸ்பூன் உதட்டில் படாமல் மேலேயிருந்து கூழை இறக்குவோம். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். எங்களுக்கெல்லாம் தொண்டை தானாகவே மூடித் திறந்தது, ஊற்றியது வயிற்றுக்குப் போனது. இவளுக்கு அந்தக் கதவு மெதுவாகத்தான் மூடும். நாங்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா திட்டவில்லை. நிமிர்ந்து உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள், பாதம் எதன் மேலாவது பதிந்திருக்கட்டும், முகவாய் சற்றுக் கீழே பார்க்கட்டும் என்றார். ஸ்பூன் நேர் எதிரிலிருந்து வர வேண்டும். அவளாக வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். நாக்கின் மேல் லேசாக அழுத்தி, அவள் உதட்டை மூடியதும் எடுக்க வேண்டும். கூடவே பெரியவர்களும் அதே உணவை, அவள் கண்ணெதிரே, ஸ்பூனை உதட்டால் கவ்விச் சாப்பிட வேண்டும்.

"பாத்துதான் கத்துப்பா, சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டேன். கிலுகிலுப்பையை ஆட்டினாலே அரை நிமிஷம் கழித்துத்தான் திரும்புகிறவள் எதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள்?

வீட்டில் நானும் மனைவியும் ஆளுக்கொரு ஸ்பூனுடன் அவள் எதிரே அமர்ந்து கேழ்வரகுக் கூழைக் கவ்வித் தின்றோம். அவளுக்குப் பசி வருவதற்குள் எங்களுக்கு வயிறு நிறைந்துவிடும். அவள் கொஞ்சம் எடுத்துக்கொள்வாள், நிறையத் துப்புவாள். ஆனால் இருமல் குறைந்தது. ஒன்று மட்டும் போகவில்லை. ஸ்பூன் பக்கத்தில் வந்ததும் சில சமயம் தலையைப் பின்னால் எறிவாள். தசைக் கோளாறு என்று நான் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாளை அக்கா ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் வைத்தாள். அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அந்த மூன்றும், சொல்ல வேண்டியதில்லை, அமெரிக்காவில். கூடம் நிறைய உறவினர்கள். ஒவ்வொருவரும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னிடம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். சோம்பேறிக் குழந்தை, பசிக்கவிட்டால் தானே முழுங்கும் என்றார் ஒரு பெரியவர். அவருக்கே அன்று இரண்டு இலை தள்ளிப் பரிமாறியிருந்தால் எத்தனை நேரம் பொறுத்திருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

நான் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது குழந்தை அக்காவின் மடியில் மல்லாந்திருந்தது. மடியோரத்தில் வெள்ளிக் கிண்ணம், அதில் நெய் மிதக்கும் அக்காரவடிசல். ஒரு கை கழுத்தை வளைத்துப் பின்னால் சாய்த்திருந்தது. இன்னொரு கையில், வாய்க்கு மேலே, ஸ்பூன் சரிந்துகொண்டிருந்தது.

நான் ஓடிய வேகத்தில் கிண்ணம் உருண்டது. அக்காரவடிசல் அக்காவின் மடிப் புடவையில் கொட்டியது.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் தித்திப்பு கொடுக்கப்படாதாடா?" என்றாள்.

"உன் ஆசாரம் ஒரு தடவை அவ நுரையீரல்ல போய் உக்காந்துடுத்து அக்கா. இன்னொரு தடவை போனா வயித்துல ஓட்டை போடுவா. நீ வந்து அந்த ஓட்டைல ஊத்து. எச்சலே படாது."

கூடம் அமைதியாகிவிட்டது. வாழ்நாளில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் இப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. குழந்தை வீறிட்டாள். மனைவி அவளை வாங்கிக்கொண்டு, "நீங்க கொஞ்சம் வெளில நில்லுங்கோ," என்றாள். செருப்பு இல்லாமல் வீதியில் போய் நின்றேன். என் பக்கம் நியாயம் இருந்தது. நியாயத்தோடு வெயிலில் நிற்பது அவ்வளவு சுகமான காரியமில்லை.

பிறகு சில நாள் அக்காவிடமிருந்து ஃபோன் இல்லை. நானும் பேசவில்லை. குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளைத் திட்டி முடித்ததும் அந்தப் பெரியவரை, பிறகு ஃபோன் பார்த்த டாக்டரை, நேரம் இருந்தால் ஆட்டோக்காரரை.

ஒரு சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. அக்கா. கையில் பை. என்னைப் பார்க்காமல் நேரே உள்ளே போய், குழந்தையின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கிண்ணமும் ஸ்பூனும் எடுத்தாள். குழைந்த பருப்பு சாதமும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

"இது என் கிண்ணம். தனி. உங்காத்து எச்சலை நான் தொட மாட்டேன்," என்றாள் என் மனைவியிடம். "நீ ஃபோன் பண்ணிச் சொன்னாப்ல நான் சாப்பிடறேன். அவ பாக்கட்டும். உன் ஆம்படையானைக் கத்தாம இருக்கச் சொல்லு."

நான் கத்தவில்லை. மனைவி குழந்தையின் கிண்ணத்தோடு பக்கத்தில் அமர்ந்தாள்.

அக்கா ஒரு ஸ்பூன் சாதம் எடுத்தாள். அறுபது வருஷப் பழக்கம். கை தானாக உயர்ந்தது, தலை அண்ணாந்தது, உதட்டில் படாமல் சாதம் உள்ளே விழுந்தது.

எதிரே என் மகளும் அண்ணாந்தாள்.

அக்கா எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாளோ அந்தப் பக்கம். வாயையும் அதே அளவு திறந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மேலேயிருந்து ஏதோ விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

தசைக் கோளாறு என்று நான் எழுதிய தீர்ப்பு தவறு. பிறந்ததிலிருந்து நாங்கள் பாட்டிலும் டம்ளருமாக அண்ணாந்து குடிப்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். இவளுக்கு ஒன்றும் புரியாது என்று லிஃப்டில் சொன்னார்கள், மார்க்கெட்டில் சொன்னார்கள், கூடத்தில் சொன்னார்கள். நான் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புரியாதவள் எங்கள் வீட்டு ஆசாரத்தை ஒரு பிசகில்லாமல் கற்று வைத்திருந்தாள்.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். ஸ்பூனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னை மாதிரியே பண்றதுடா," என்றாள்.

"உன்னை மாதிரிப் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இன்னும் கோபம் தீர்ந்தபாடில்லை. அக்கா இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். முதுகை நிமிர்த்தி, முகவாயைக் கீழே இறக்கி, விளக்கெண்ணெய் குடிக்கப் போகிறவள் போலக் கண்ணை இறுக்கி மூடி, ஸ்பூனை வாய்க்குள் விட்டு உதட்டை மூடினாள். அவள் உதட்டில் ஒரு பாத்திரம் பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குழந்தை விட்டத்திலிருந்து கண்ணை இறக்கினாள். அக்காவின் வாயை வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய அரை நிமிஷம் அது. யாரும் அதைக் கலைக்கவில்லை. பிறகு தலை மெல்ல முன்னால் வந்தது. வாய் திறந்தது. மனைவி நேர் எதிரிலிருந்து ஸ்பூனை வைத்தாள். உதடு மூடியது. தொண்டையில் ஒரு சின்ன அசைவு மேலே ஏறி, கீழே இறங்கியது. இருமல் வருகிறதா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். வரவில்லை.

"இதுக்கு இவ்வளவு நாழியா?" என்றாள் அக்கா. "நான் ஊத்தியிருந்தா இதுக்குள்ள ஒரு கிண்ணம் முடிஞ்சிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். மனைவி ஸ்பூனை ஓங்கி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அதற்குள் அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுத்த ஸ்பூனை எடுத்துவிட்டாள். குழந்தை அவளுக்கு முன்னாலேயே வாயைத் திறந்தது.