கம்பெனிக்காக வீட்டில் இருந்தவள்

என் கணவரும் அவருடைய சிநேகிதரான பாயும் சேர்ந்து செஞ்சியில் ஒரு மல்லாட்டை மில் நடத்தினார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காயை உடைத்துப் பருப்பாக்கி மூட்டை கட்டி அனுப்புகிற சின்ன மில்தான். ஆனாலும் அதைக் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தார்கள். மில் ஊருக்கு வெளியே திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. காய் வரத்து நின்றால் பூட்டிக் கிடக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், சாக்கு விற்ற வியாபாரி ஒருவர் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். சம்மன் கொண்டுவந்த கோர்ட் ஆள் மில் பூட்டியிருப்பதைப் பார்த்துக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் காகிதம் காற்றில் போனதோ, ஆடு தின்றதோ தெரியாது. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பே ஆகிவிட்டிருந்தது.

அதைப் பற்றிப் பேச வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயும் இருந்தார்.

"கம்பெனிக்கு வர்ற நோட்டீச வாங்கிக்க ஒரு ஏஜென்டை நியமிச்சு, கோர்ட்ல எழுதிக் கொடுத்துடுங்க. அந்த ஆள் எப்பவும் ஊர்ல, ஒரே எடத்துல இருக்கணும்" என்றார் வக்கீல்.

"நான் சந்தைக்குச் சந்தை சுத்தறவன்" என்றார் பாய். கடைத்தெருவில் அவருக்கு இரும்புக்கடை இருந்தாலும், சந்தைகளில்தான் அவருக்கு வியாபாரம்.

"நான் மட்டும்? தளவானூரு, சீயமங்கலம்னு காய் பாக்கப் போனா பொழுது சாயத்தான் வர்றேன்" என்ற என் கணவர், மோர் கொண்டுவந்த என்னைப் பார்த்தார். "இவ வூட்லதான இருக்குறா. எட்டாவது படிச்சிருக்கா. இவ பேர எழுதுங்க."

வக்கீல் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று பேரும் மோர் குடித்தார்கள்.

வீட்டில் இருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இருந்தே ஆகவேண்டும் என்பது வேறு விதமாக இருந்தது. தெருக்கிணறு வற்றும் மாதங்களில் தண்ணீருக்கு வெகுதூரம் போகவேண்டும். குடத்தோடு வரிசையில் நிற்கும்போதும் மனசு வாசலில்தான் இருக்கும். சாயங்காலம் மலைப்பாறைகள் உள்வாங்கிய வெயிலைத் தெருவுக்குள் கக்கும். காற்றுக்காக எல்லோரும் பெரிய ஏரிப் பக்கம் போவார்கள். நான் போவதில்லை. கோர்ட் ஆள் அந்த நேரத்தில் வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும், பகல் முழுக்கக் காத்திருந்த உடம்பு எங்கேயும் நகராது.

இவ்வளவுக்கும் நோட்டீஸ் எப்போதாவதுதான் வந்தது. அதுதான் அலுப்பு. அடிக்கடி வந்திருந்தால் வேலை என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன். தபால்காரர் மட்டும் தெருமுனையிலிருந்தே, "ஏஜென்டம்மா, இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்பார். அதற்காக அடுப்பை விட்டு எழுந்து வந்திருப்பேன்.

என் பிறந்த வீடு பனமலையில். கோர்ட்டும் தபாலும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் போய், அன்றைக்கே திரும்புவேன். ஒரு வருஷம் ஆவணி மாதத்தில், நைனா மூச்சிரைப்பு அதிகமாகிப் படுத்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னார். அன்று புதன்கிழமை. நான் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கெழம போவலாமே. எதனா நோட்டீசு வந்துட்டா?" என்றார் என் கணவர். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மடித்த புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

காய் விலை பேச வந்திருந்த பாய்தான் எழுந்தார். "இன்னாப்பா நீ? அப்பா படுத்துக்கெடக்கறாரு. நாளைக்கே வக்கீலப் பாத்து என் பேருக்கு மாத்திடறேன். சந்தைக்கு மச்சானை அனுப்பிக்கறேன், நான் கடையிலேயே உக்காந்துக்கறேன். நீ கெளம்பு தங்கச்சி."

பனமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நைனாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். அவர் பக்கத்திலேயே நான் தலையைச் சாய்த்தது நினைவிருக்கிறது. விழித்தபோது மறுநாள் வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. நைனா தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நைனா எழுப்பல?"

"எழுப்பி?" என்றார். கொஞ்ச நேரம் இரைத்துவிட்டு, "எத்தினி நாளு இருப்ப?" என்று கேட்டார்.

"நீங்க எழுந்து நடக்கற வரைக்கும்."

"அப்ப மெதுவா நடக்கறேன்."

அவர் தேறினார். நானும் தேறினேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்த வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன், ஏரிக்கரையில் சும்மா நின்றேன். யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை என்ற நினைப்பே மருந்துபோல இருந்தது.

ஊர் திரும்பியபோது கம்பெனிக்கு ஏஜென்ட் பாய்தான். ஆனால் கடையில் முடங்கியதில் அவர் மெலிந்துபோனார். சந்தைக்குப் போன மச்சான் வியாபாரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆற்காட்டில் மகளுக்குப் பிரசவம் ஆனபோது அவரால் உடனே போகமுடியவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னிடம், "எப்பிடித் தங்கச்சி இத்தினி நாளு உக்காந்திருந்த?" என்று கேட்டார். "உக்காந்திருந்தேன் அண்ணே" என்றேன்.

கடைசியில் வேறு வழி செய்தார்கள். கோர்ட்டுக்கு எதிரே குடியிருந்த ஒரு வயதான குமாஸ்தாவை மாதச் சம்பளத்துக்கு ஏஜென்டாக நியமித்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி விளக்கு வைப்பதற்கு முன்னால் என் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பாய் சேதி சொல்ல வந்திருந்தார்.

"வூட்ல குந்திக்கினு இருக்கறதுக்கா சம்பளம்?" என்றார் என் கணவர்.

"நீ ஒரு மாசம் குந்திப் பாரு" என்றார் பாய்.

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் பகலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வெயில் உறைத்தது. எங்கே போவதென்று தெரியாமல் பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சமைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.