கப்பலுக்கு முன்னே ஏழு வீடுகள்

ஒஸ்லோவுக்கு வந்தால் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே விடைதான் இருந்தது: எங்கள் வீட்டில். நகரத்தின் ஓரம், புருசெத்தில் ஆறாம் மாடி, மூன்று அறை, ஒரு குளியலறை. காலையில் குளியலறைக்கு வரிசை நீண்டால் அப்பா கீழே போய்க் காரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். விருந்தாட்கள் வரும் மாதங்களில் எங்கள் கார் மிகவும் சுத்தமாக இருக்கும்.

அதனால் டொரொண்டோவிலிருந்து மாமி எடுத்த தொலைபேசி அழைப்பு எனக்குப் புதினமாக இருந்தது. அம்மாவின் தமையனுடைய மனைவி அவர். இருவரும் ஜூன் மாதம் எங்களிடம் வருவதாக ஏற்பாடு.

"பிள்ளை, கொம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை மாமி. நான் வேலையிலை."

"அப்ப கேள். எங்களுக்கு ரவுணுக்குள்ளை ஒரு ஹோட்டல் போட்டுத் தா. லண்டனுக்குப் போய் நான் பாத்தது ஆறு வீட்டுச் செற்றியும் ரண்டு கலியாண வீடியோவும். பாரிஸிலை கோபுரம் தெரியுது எண்டு ஒரு வீட்டு யன்னலாலை காட்டிச்சினம். முன் மாடிக் கட்டிடம் மறைச்சுப்போட்டுது."

பிறகு விஷயத்துக்கு வந்தார். மாமி யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் புவியியல் படிப்பித்தவர். துருவப் பயணங்கள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நோர்வேயின் மரக்கப்பலைக் கரும்பலகையில் கீறியிருக்கிறார். கனடாவுக்குப் போன பிறகு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. கரும்பலகை அதோடு முடிந்தது. அந்தக் கப்பல் ஒஸ்லோவில் ஒரு அருங்காட்சியகத்துக்குள் முழுதாக நிற்கிறது என்றும் மேல் தளத்தில் ஏறி நடக்கலாம் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அதிலை ஒருக்கா ஏறி நிக்க வேணும். மற்றது நீ காட்டினால் பாப்பன். காட்டாட்டியும் பரவாயில்லை."

நான் ரயில் சமிக்ஞைத் துறையில் பொறியியலாளர். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கிடுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் மாமிக்கும் ஒரு அட்டவணை போட்டேன். ரயில் நிலையத்துக்கும் பழைய கோட்டைக்கும் நடுவே, நேர்கோட்டுத் தெருக்கள் உள்ள பகுதியில் ஹோட்டல். கோட்டைக்கு நடை எட்டு நிமிடம். மழைக்குப் பயந்து திறந்த வெளி இடங்களை எல்லாம் முதல் இரண்டு நாட்களில் போட்டேன்: ஓபரா அரங்கின் சரிந்த கூரை, கோட்டை மதில், மர வீடுகள் நிற்கும் கல் பாவிய ஒழுங்கை, சிற்பப் பூங்கா. கப்பல் கூரைக்குள் நிற்பது, எங்கும் போய்விடாது என்று அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளினேன். அட்டவணையில் அது பதினான்காவது வரி. மற்ற வரிகளைப் போலவே ஒரு வரி.

அதை அச்சடித்துக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். அச்சடித்த திட்டத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பது வேலையிடத்து அனுபவம்.

அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டே முதல் வரியை வாசித்தார். கத்தி நின்றது.

"அண்ணை வந்து ஹோட்டலிலை நிண்டால், தங்கச்சி இஞ்சை உயிரோடை இருக்கிறாளோ எண்டு சனம் கேக்கும்."

அன்று பின்னேரமே ஹோட்டலை ரத்துச் செய்தேன். மாமிக்குச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டு, "செற்றி நல்லதோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் என் அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. அம்மாவின் கையெழுத்தில் ஏழு வீடுகள். கனடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுக்கு வராமல் போனார்கள் என்றால் அந்த ஏழு வீடும் அம்மாவோடு ஒரு வருடத்துக்கு அரைகுறையாகத்தான் கதைக்கும். எனக்கும் அது தெரியும். ஆகவே ஒரு வீட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று போட்டேன்: தேத்தண்ணி பதினைந்து, கதை இருபது, சப்பாத்துப் போட்டு வெளிக்கிட பத்து. ஒரு தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் இந்தக் கணக்கைப் போட்டேன் என்று நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமாவும் மாமியும் வந்தார்கள். முதல் நாள் அம்மருட் பகுதி வீட்டில் தேத்தண்ணியோடு ரோல்ஸ் வந்தது. ரோல்ஸ் முடிய, "புட்டு அவியுது, இருங்கோ" என்றார்கள். மூன்று மணித்தியாலம். அடுத்த வீட்டில் நாங்கள் அம்மருட்டில் சாப்பிட்டுவிட்டோம் என்று கேள்விப்பட்டு முகம் சுருங்கியதால் அங்கேயும் சாப்பிட வேண்டி வந்தது. இரண்டாம் நாள் ஸ்ட்ரோம்மன் புறநகரில் இரண்டு வீடு. அதில் ஒரு வீட்டுக்காரர் எங்களை அங்கிருந்த பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய், மாமா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கம்பளிக் காலுறை தேடினார். திரும்பும் வழியில் நகரத்துக்குள்ளால் விடச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினேன். அப்பா சுரங்கப்பாதையால் விட்டார்.

"மச்சான், இப்ப நாங்கள் ஓபராவுக்குப் பக்கத்திலை, தண்ணிக்குக் கீழை போறம்," என்று மாமாவுக்குக் காட்டினார்.

"நல்ல வடிவு," என்றார் மாமா, சுவரைப் பார்த்து.

இரண்டு நாளில் நான்கு வீடு முடிந்தது. என் அட்டவணையில் ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. நான்காம் நாள் விடிய விமானம்.

மூன்றாம் நாள் காலை மாமி நடைச் சப்பாத்தோடு சமையலறைக்கு வந்தார். கதவில் இருந்த இரண்டு தாள்களையும் நின்று வாசித்தார். பிறகு கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"பரவாயில்லை பிள்ளை. மூண்டு வீடும் முடிய நேரம் சரி. கப்பலை நீ ஒருநாள் போய்ப் படம் எடுத்து அனுப்பு."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினார். "என்ன கப்பல்?"

நான் சொன்னேன். பதினான்கு வருடம், கரும்பலகை, ஹோட்டல் கேட்ட காரணம், எல்லாவற்றையும். மாமி ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"நீ இதிலை பதினாலாவதாய் எழுதி வைச்சால் எனக்கென்னெண்டு தெரியும்?" என்று என்னிடம் சொன்ன அம்மா, மாமியிடம் திரும்பினார். "மச்சாள், சப்பாத்தைப் போடுங்கோ."

பிறகு தொலைபேசியை எடுத்தார். ஒரு தண்டவாளம் அடைபட்டால் வண்டியை மறு பாதையில் விடுவது என் தொழில். அன்று அதை அம்மா செய்தார். மூன்று வீட்டுக்கும் ஒரே வசனம்: "பின்னேரம் ரண்டு மணிக்குக் கோட்டைக்கு வாங்கோ. அண்ணையாக்களுக்கு அங்கைதான் சாப்பாடு, நான் சமைக்கிறன்." அம்மா கூப்பிட்டால் அது அம்மாவின் விருந்து, விருந்துக்கு வந்து கண்டுவிட்டால், வீட்டுக்கு வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வீட்டு அக்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாராம். "நான் சோறு கொண்டு வாறதெண்டால் வாறன்," என்றாராம்.

அம்மா ஒரு மணித்தியாலத்தில் சமைத்து, பானைகளை அப்பாவிடம் ஒப்படைத்தார். அப்பா காரில் கோட்டைக்கு. நாங்கள் நால்வரும் நிலக்கீழ் ரயிலில் நகரத்துக்கு, நகர மண்டபத்துக்கு முன்னால் இருந்து படகில், அருங்காட்சியகம் இருக்கும் பிக்டோய்க்கு. முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருக்கும் அம்மாவும் அந்தப் படகில் ஏறியது அன்றுதான்.

கப்பல் நான் நினைத்ததைவிடப் பெரிது. மாமி நினைத்ததைவிடக் குண்டு. அவர் முதலில் ஏறவில்லை. கீழே நின்று அடிப்பகுதியைச் சுற்றி வந்தார். ஒரு முழுச் சுற்று, பிறகு அரைச் சுற்று.

"உருண்டையாய் இருக்கு," என்றார். "ஐஸ் ரண்டு பக்கத்தாலையும் நெரிக்கேக்கை உடையாமல் மேலை எழும்ப. அதுக்குத்தான் இப்பிடிக் கட்டியிருக்கிறாங்கள். நான் கூராயெல்லோ கீறினனான். பதினாலு வருஷம் பிழையாய்க் கீறியிருக்கிறன்."

"அப்ப உன்னட்டைப் படிச்சதுகள் எல்லாம் இப்பவும் ஐஸுக்குள்ளை இறுகிப்போய் நிக்குங்கள்," என்றார் மாமா.

மாமி சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. பிறகு படியேறி மேல் தளத்துக்குப் போனார். பாய்மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பில் நின்ற மாதிரித்தான் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

அதனால் திரும்பும் படகு பிந்தியது. படகு துறைக்குத் திரும்பும்போது கோட்டை முழுதாகத் தெரிந்தது: மதில், கூரைகள், அதன் புல்வெளி ஓரத்தில் ஒரு மஞ்சள் குடை, வெயிலில் மின்னும் பானைகள், கையை ஆட்டிக்கொண்டு மூன்று வீட்டுச் சனம். நடுவில் அப்பா.

"பிள்ளை, அந்தக் கோட்டையும் உன்ரை லிஸ்ற்றிலை இருந்ததெல்லோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி. நாலாவது வரி. நாற்பது நிமிஷம்."

"எத்தினை சட்டி எண்டு எண்ணிப்போட்டு நிமிஷத்தைச் சொல்லு," என்றார்.