நாக்கில் வைத்துப் பார்க்காத தண்ணீர்

கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு ஏக்கர் மிளகாய் கருகுமா என்று கேட்டால், கருகும். நான் கருக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் சாயப்பட்டறை. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் சாலையில், கரிசலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, நாலு தொட்டி. புதியம்புத்தூர் தையல்காரர்களுக்கு உள்பாவாடைத் துணியைச் சிவப்பாக்கிக் கொடுக்கிறோம். துணி அலசிய தண்ணீரை வேலியோரப் பள்ளத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மதினியின் மிளகாய்க்காடு. சொந்த மதினி இல்லை, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். புருஷன் இல்லாத வீடு. அந்த ஒரு ஏக்கர் மிளகாய்தான் வருஷம் முழுக்க அவளுக்குச் சோறு.

ஒருநாள் காலையில் மதினி ஒரு செம்பைக் கொண்டுவந்து என் அடுப்பு மேடையில் ணங்கென்று வைத்தாள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தண்ணீர்.

"எங்க கிணத்துத் தண்ணிட்டி. இதுல உலை வையி, பாப்போம்."

பள்ளத்துத் தண்ணீர் அவள் கிணற்றில் இறங்கியிருந்தது. அன்றே பள்ளத்தில் விடுவதை நிறுத்தித் தண்ணீரைப் பெரிய தொட்டியில் சேர்த்தோம். தொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். படித்ததெல்லாம் சாம்பாரோடு கொதித்துப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று யோசித்தேன்: பருத்தித் துணியில் ஒட்டுகிற சாயம் பருத்திமாரில் ஒட்டாதா? பஞ்சு எடுத்தபின் எல்லாரும் விறகாக எரிக்கிற காய்ந்த செடிதானே! மாரை ஊறப்போட்டுப் பட்டையை உரித்து நார் எடுத்தேன். வெறும் நாரில் சாயம் தொட்டும் தொடாமலும் நின்றது. பிறகு நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து அலசி, சாயத்தைப் பிடித்து இழுக்கிற ஒரு ரசாயனத்தில் சூடுபடுத்திப் பார்த்தேன். ஒரு தடவை நார் கூழாகிவிட்டது. ஒரு தடவை என் இரண்டு கையும் வெந்துபோயின.

"சாயத்தை ஏத்த ஆளக் காணும், எறக்க ஆளு வந்தாச்சு" என்று என் வீட்டுக்காரர் கேலி பேசினார். "வாயை மூடிட்டு அந்த டிரம்மை நகட்டுங்க" என்றேன்.

இரண்டு மாதம் ஆனது. டிரம்முக்குள் நாரைத் திணித்து, மேலே சிவப்புத் தண்ணீரை ஊற்றினோம். அடியில் நிறமே இல்லாமல் வெள்ளையாக இறங்கியது. நார் குங்குமமாகச் சிவந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கேலி பேசிய மனுஷன் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

அப்போது தை பிறந்திருந்தது. கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டு மழை கிடையாது. மதினியின் செடிகள் பூவும் பிஞ்சுமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. எங்கள் தொட்டியிலோ வெள்ளைத் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. அதைக் கீழே கொட்ட எந்தக் கரிசக்காட்டுக்காரிக்கு மனசு வரும்? நானே வேலியோரம் போய்க் கூப்பிட்டேன்.

மதினி வந்து பார்த்தாள். "நாக்குல வச்சுப் பாத்தியாட்டி?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒரு கிணறு இனிக்கும், அடுத்த கிணறு கரிக்கும். புதுத் தண்ணீர் எதுவானாலும் ஒரு சொட்டை நாக்கில் வைத்த பிறகுதான் குடத்தை வைப்போம். சம்பந்தம் பேசப் போன வீட்டில்கூட அப்படித்தான். ஆனால் சாயப்பட்டறைத் தண்ணீரை யார் நாக்கில் வைப்பார்கள்? எனக்குச் சுருக்கென்றது.

"கை ரெண்டும் வெந்து கெடக்கு, இன்னும் நம்பாம கேக்குதீங்க! படிச்சவ நான் சொல்லுதேன். கண்ணு தெரியலையா மதினி உங்களுக்கு?"

அவள் தானும் நாக்கில் வைக்கவில்லை. என் மனசு நோகக் கூடாது என்றுதான் வைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்து, இரண்டு பேருமாக மூன்று நாள் ஒவ்வொரு செடியின் தூரிலும் தண்ணீர் விட்டோம்.

நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. ஆறாம் நாள் பூவும் பிஞ்சும் கொட்டிக் கிடந்தன. காய்ந்த மண்ணின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சாயம் துணியைப் பிடிக்கத் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவோம். மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவளே நான்தான்! நார் சாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உப்பை அப்படியே கீழே விட்டிருக்கிறது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மூதேவி, மூதேவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவலாம் என்றால், மழையில்லாத அந்தக் காய்ச்சலில் நல்ல தண்ணீருக்கு எங்கே போக?

மதினி என்னை ஏசியிருந்தால் தேவலை. வரப்பில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"செவப்பா கெடந்தப்ப தொடப்படாதுன்னு எனக்குத் தெரியும்ட்டி. இப்ப நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கிடுவேன்?"

 

இரண்டு நாள் கழித்துக் காலையில் பின்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. சாலையோடு போன இரண்டு பெண்கள் எங்கள் தொட்டியில் மிச்சமிருந்த வெள்ளைத் தண்ணீரில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் குடங்களைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். "நல்ல தண்ணியக் குடுக்க மனசில்ல பாரு" என்று என்னை வைதுகொண்டே போனார்கள். எத்தனை நாளைக்கு நான் காவல் நிற்பேன்? நான் இல்லாத நேரத்தில் யாராவது குடத்தோடு வந்தால்?

கொட்டகைக்குள் போய்ச் சாய டப்பாவைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளிவந்து தொட்டியில் போட்டேன். ஒரு கம்பை எடுத்துக் கலக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மதினி கருகிய செடிகளைப் பிடுங்கிக் கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.